"உமக்குச் சித்தமானால்" என்று ஜெபிப்பது அவிசுவாசமா? (மாற்கு 1:40)

#1 பரணிக்கரை

எல்லாருக்கும் தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பாடத்தாள் ஒன்று தயாராகிறது. பகுதி மாற்கு 1:40-45. குஷ்டரோகி சொல்லும் "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்ற வரியில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. அது தாழ்மையின் ஜெபம், நாமும் அப்படித்தான் முடிக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. அது அரைகுறை விசுவாசம், அதனால்தான் ஆண்டவர் உடனே "எனக்குச் சித்தமுண்டு" என்று திருத்தினார், இனி யாரும் "சித்தமானால்" சொல்லக்கூடாது என்பது மற்றது.

வியாதியாயிருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது எதை எந்த வரிசையில் சொல்வது என்று தாளில் தெளிவாக வரவேண்டும். வேதாகமத்தை வைத்துப் பேசுகிறவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏடுபார்ப்பவன்

அந்த வரியைத் தனியாகப் படிக்காதீர்கள் ஐயா. மாற்கிலேயே இன்னொரு "ஆனால்" இருக்கிறது. 9:22-ல் அசுத்த ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன், "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்கிறான். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

குஷ்டரோகிக்கு வல்லமையில் சந்தேகமே இல்லை. "உம்மால் ஆகும்" என்று அடித்துச் சொல்கிறான். அவனுக்குத் தெரியாதது மனசு. லேவியராகமம் 13:45-46 படி அவன் வஸ்திரம் கிழிந்தவனாய், தலை மூடாதவனாய், "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டுக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே இருக்கவேண்டியவன். இப்படிப்பட்டவனிடம் இவர் எப்படி நடந்துகொள்வார் என்பதே அவன் கேள்வி. தகப்பனுக்கோ நேர் எதிர். சீஷர்களால் முடியாமல் போனதைப் பார்த்துவிட்டான், அதனால் வல்லமையில் சந்தேகம். "எங்கள்மேல் மனதிரங்கி" என்று அவன் கேட்பதைப் பார்த்தால் மனசைப் பற்றி அவ்வளவு சந்தேகம் இல்லை.

இருவருக்கும் கிடைத்த பதிலைப் பாருங்கள். தகப்பனுக்கு வார்த்தையால் ஒரு திருத்தம் வருகிறது: "விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்". குஷ்டரோகிக்குத் திருத்தமே இல்லை. "மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு", அதற்குப் பிறகுதான் "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு". வினைச்சொற்களின் வரிசை முக்கியம். தொட்டபோது அவன் இன்னும் தீட்டுள்ளவன். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை எட்ட இருந்தே குணமாக்கினவருக்குச் சுகம் கொடுக்கத் தொடவேண்டிய அவசியமில்லை. அந்தத் தொடுதல் முழுக்க முழுக்க "உமக்குச் சித்தமானால்" என்பதற்கான பதில்.

இன்று நம் ஜனங்களில் பெரும்பாலோர் குஷ்டரோகியின் பக்கம்தான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். "கர்த்தரால் முடியும்" என்று எல்லாரும் கையைத் தட்டிச் சொல்வார்கள். "எனக்குச் செய்ய அவருக்கு மனசிருக்கிறதா" என்ற இடத்தில் சத்தம் குறைந்துவிடும்.

#3 மேலறை

பிரதர், நீங்க சொன்னதை வச்சே கேக்குறேன். பதில் வந்தாச்சு இல்லையா? அவர் "எனக்குச் சித்தமுண்டு"ன்னு சொன்னதுக்கு அப்புறமும் நாம அதே கேள்வியைத் திரும்பக் கேட்டா என்ன அர்த்தம்? யாக்கோபு 1:6 "எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்"னு சொல்லுது. நாலு சுவிசேஷத்துலயும் சுகம் கேட்டு வந்த ஒருத்தரையாவது "எனக்குச் சித்தமில்லை, போ"ன்னு அனுப்பினதா காட்டுங்க.

நடைமுறையில "சித்தமானால்" ஒரு இன்சூரன்ஸ் மாதிரி ஆயிடுச்சு. கிடைச்சா கர்த்தர் குடுத்தார், கிடைக்கலேன்னா சித்தமில்லை. ரெண்டுலயும் ஜெபிச்சவருக்கு நஷ்டமில்லை. ஐந்து நிமிஷ ஜெபத்துல நாலு தடவை அந்த வார்த்தையைச் சொல்லிட்டு, என்ன வேணும்னு ஒரு தடவைகூடச் சொல்லாம முடிச்சிடுறாங்க. அதை ஜெபம்னு எப்படிச் சொல்றது?

#4 ஏடுபார்ப்பவன்

இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்களோடு முழு சம்மதம். அதற்கு மருந்து, சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் ஜெபித்த கெத்செமனேயில் இருக்கிறது. மாற்கு 14:36-ஐத் துண்டு துண்டாகப் பாருங்கள். "அப்பா பிதாவே", இது உறவு. "எல்லாம் உம்மாலே கூடும்", இது வல்லமை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்", இது விண்ணப்பம், மழுப்பல் இல்லாமல். நாலாவதாகத்தான் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல". ஒப்புக்கொடுத்தல் கடைசியில், ஒரே ஒரு தடவை, விண்ணப்பத்தை முழுசாகச் சொன்ன பிறகு வருகிறது. 39-ம் வசனத்தின்படி அதே வார்த்தைகளை மறுபடியும் சொல்லி ஜெபிக்கிறார், ஆகவே திரும்பக் கேட்பதும் அவிசுவாசமல்ல.

நம்மிடம் கெட்டுப்போவது இந்த வரிசைதான். நாலாவதை முதலில் கொண்டுவந்து, மூன்றாவதைத் தொலைத்துவிடுகிறோம்.

ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்பது சரி. ஆனால் யோவான் 5-ல் பெதஸ்தா குளத்து மண்டபங்களில் வியாதிக்காரர் அநேகர் படுத்திருந்தார்கள், சுகம் பெற்றதாகச் சொல்லப்படுபவன் ஒருவன். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). "சித்தமுண்டு" என்ற பதில் அவருடைய மனசைக் காட்டுகிறது. அதை எந்தத் தேதிக்கு எப்படிச் செய்வார் என்ற கால அட்டவணையாக எடுத்துக்கொண்டால், வசனம் சொல்லாததைச் சொல்லவைக்கிறோம்.

#5 மேலறை

பெதஸ்தா பாயிண்ட் ஒத்துக்குறேன். ஆனா அந்த ஒருத்தன் கேட்கக்கூட இல்லையே! "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா"ன்னு அவரேதான் போய்க் கேட்டார். அவர் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு அதுலயும் தெரியுது. என் கவலை அந்தச் சாய்வை ஜனங்க மறந்துடக்கூடாதுங்கிறதுதான்.

#6 இஞ்ஞாசி_வழி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. இதே கேள்விக்கு யோவான் 11:3 இன்னும் கூர்மையான இடம். தங்கள் சகோதரன் இலாசர் நோயுற்றபோது மார்த்தாவும் மரியாவும் இயேசுவிடம் ஆளனுப்பிச் சொன்னது ஒரே வாக்கியம். திருவிவிலியத்தில் "ஆண்டவரே, உம் நண்பன் நோயுற்றிருக்கிறான்" என்றிருக்கும். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "நீர் சிநேகிக்கிறவன்", கிரேக்கத்துக்கு இது இன்னும் நெருக்கம். இதில் வேண்டுகோளே இல்லை. வாரும், குணமாக்கும், சீக்கிரம் என்று எதுவும் இல்லை. "சித்தமானால்" என்பதும் இல்லை. அவன் உம்மை நேசிக்கிறான் என்றுகூடச் சொல்லவில்லை. நீர் நேசிக்கிறவன் என்றே சொன்னார்கள். செபத்தின் பாரம் முழுவதையும் அவருடைய குணத்தின்மேல் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கானாவூரில் மரியா சொன்னதும் இதே வகை: திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தியானமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இலொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் (1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தது) ஒரு முறை உண்டு. நற்செய்திக் காட்சியின் இடத்தை மனக்கண்ணில் நிறுத்துவது, ஆட்களைப் பார்ப்பது, பேசுவதைக் கேட்பது, முடிவில் நண்பர் நண்பரோடு பேசுவதுபோல் ஆண்டவரோடு உரையாடுவது. வீட்டுக் கூட்டத்தில் 30 நிமிடம் கிடைத்தால் வாசிப்புக்கு 5, காட்சிக்கு 12, உரையாடலுக்கு 10, மிச்சம் மௌனம் என்று பிரிக்கலாம். வாசிப்பு இரண்டு தடவை. இரண்டாவது தடவை மெதுவாக, வினைச்சொல் வரும் இடங்களில் நிறுத்தி.

தவறு நடக்கும் இடம் காட்சி. ஜன்னல், பாய், தண்ணீர்ப்பானை என்று அலங்காரத்திலேயே 12 நிமிடமும் போய்விடும். ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள்: "இவர் இங்கே யாரைப் பார்க்கிறார்?" அது போதும்.

#7 தாழ்வாரம்

இலாசருவை எடுத்ததால் கேட்கிறேன். செய்தி போன பிறகு இரண்டு நாள் அங்கேயே தங்கினாரே, அது என்ன குணம்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் "அவர் மனதுருகுகிறவர்" என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான்.

#8 ஏடுபார்ப்பவன்

நியாயமான கேள்வி. முதலில் கணக்கு. அவர் யோர்தானுக்கு அக்கரையில் இருக்கிறார் (யோவான் 10:40). லாசருவின் ஊரான பெத்தானியாவுக்கு ஒரு நாள் வழி என்று வைத்துக்கொண்டால், ஆள் வர 1, தங்கினது 2, போக 1, ஆக 4. அவர் போனபோது கல்லறையில் நாலு நாள் ஆகியிருந்தது. அதாவது ஆள் வந்து சேர்ந்த சமயத்திலேயே லாசரு இறந்திருக்கவேண்டும். உடனே கிளம்பியிருந்தாலும் உயிரோடு பார்த்திருக்க முடியாது. "அவர் தாமதித்ததால் செத்தான்" என்று பிரசங்கிப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் கணக்கு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆறுதல் தராது, தெரியும். அதற்கு 5, 6 வசனங்களின் ஒட்டு. 5-ல் "அன்பாயிருந்தார்". கிரேக்கத்தில் 6-ம் வசனத்தின் தொடக்கத்தில் "ஊன்" என்ற சொல் வருகிறது, "ஆகையால்" என்று எடுக்கலாம். அன்பாயிருந்தார், ஆகையால் தங்கினார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் விடுபட்டிருக்கிறது. யோவான் இதைக் கதையை நகர்த்த வெறும் "அப்பொழுது" என்பதுபோலவும் அடிக்கடி பயன்படுத்துவார், ஆகவே இதன்மேல் மாடி கட்டவேண்டாம். அந்தச் சொல் இல்லாமலே கூட, அன்பைச் சொல்லிவிட்டுத்தான் தாமதத்தைச் சொல்கிறார் என்பது நிற்கும்.

பிறகு 33-ம் வசனம். "ஆவியிலே கலங்கி" என்று நாம் படிக்கும் வினைச்சொல் கிரேக்கத்தில் சீறுவதற்கான சொல், கோபத்தின் வாடை உள்ளது. குஷ்டரோகியை அனுப்பும்போது (மாற்கு 1:43) "கண்டிப்பாய்" என்று வருவதும் இதே சொல்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பேசா (Bezae) என்ற பழைய கையெழுத்துப் பிரதியில் மாற்கு 1:41-லேயே "மனதுருகி" என்ற இடத்தில் "கோபங்கொண்டு" என்றிருக்கிறது. பெரும்பாலான பிரதிகள் "மனதுருகி" என்பதால் அதுவே அச்சில் வருகிறது. எதை எடுத்தாலும் கோபம் வியாதியஸ்தன்மேல் இல்லை, அவனை இப்படி ஆக்கியதன்மேல். மரியாள் அழுவதைக் கண்டு சீறுகிறவர், இரண்டு வசனம் தள்ளிக் கண்ணீர் விடுகிறார். இன்னும் சில நிமிடத்தில் எழுப்பப்போகிறவர் அழவேண்டிய தேவையென்ன? மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக ஒரே குற்றச்சாட்டை வைக்கிறார்கள், "நீர் இங்கே இருந்தீரானால்". இருவரையும் அவர் கண்டிக்கவில்லை. வராந்தாவில் இருப்பவரும் அதே வாக்கியத்தை ஜெபமாகச் சொல்லலாம்.

#9 தாழ்வாரம்

குறித்துக்கொண்டேன். "மனதுருகி"க்கு மூலத்தில் என்ன சொல்?

#10 ஏடுபார்ப்பவன்

ஸ்ப்ளாங்க்னிசொமாய். குடல், வயிறு என்ற பெயர்ச்சொல்லில் இருந்து வந்தது. தமிழில் "பெத்த வயிறு துடிக்குது" என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். சுவிசேஷங்களில் 12 இடத்தில் வருகிறது, யோவானில் கிடையாது. இயேசுவைப் பற்றி, அல்லது அவர் சொன்ன உவமைகளில் வரும் ராஜா, சமாரியன், கெட்ட குமாரனின் தகப்பன் ஆகியோரைப் பற்றி மட்டுமே. பன்னிரண்டில் ஒன்று அவரிடம் கேட்கப்பட்ட விண்ணப்பம், அதுவும் மாற்கு 9:22-ன் சந்தேகப்பட்ட தகப்பன் வாயிலிருந்து! வல்லமையில் தடுமாறினவன் குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான்.

#11 சிற்றாலயம்

ஆராதனை நடத்துகிறவர்களுக்குப் பயன்படுவதை மட்டும் எழுதுகிறேன். பொது ஜெபம் எழுதப் பழைய அச்சு ஒன்று இருக்கிறது, ஞாயிறுதோறும் ஆராதனை முறைமைப் புத்தகத்தில் வரும் சின்ன ஜெபங்களின் அச்சு. ஐந்து பாகம்: விளித்தல், அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வாக்கியம், விண்ணப்பம், எதற்காக, கிறிஸ்து மூலமாய். உயிர் இரண்டாம் பாகத்தில். அதில் சொல்லும் குணத்திலிருந்துதான் மூன்றாம் பாகம் பிறக்கவேண்டும்.

ஐசியூவில் இருக்கும் ஒருவருக்கு, ஆண்டவரை நோக்கியே எழுதினால் (அப்போது கடைசிப் பாகம் கொஞ்சம் மாறும்):

"நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைப் பாராமலே, ஒரு வார்த்தையினாலே குணமாக்கின ஆண்டவராகிய இயேசுவே, நாங்கள் உள்ளே போகமுடியாத அறையில் படுத்திருக்கிற எங்கள் சகோதரனுக்கு மூச்சுத்திணறல் நீங்கச் செய்யும், அவர் வீடு திரும்பித் தம் பிள்ளைகளோடு உம்மைத் துதிக்கும்படி, பிதாவோடும் பரிசுத்த ஆவியோடும் என்றென்றும் அரசாளுகிற உம்மையே நம்பிக் கேட்கிறோம். ஆமென்."

இங்கே அந்தச் சம்பவம் ஏன் என்றால், அதிலும் நோயாளி எதிரில் இல்லை, கேட்கிறவன் வேறொருவன். இதே நோயாளிக்கு லாசருவை எடுத்தீர்களோ, குடும்பம் "செத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள்" என்றுதான் கேட்கும். நல்ல வசனம், தவறான இடம். சம்பளம் வராத வீட்டுக்கு மாற்கு 8:2 பொருந்தும். "மூன்றுநாளாய்" சாப்பிடவில்லை என்று அவரே நாள் எண்ணி வைத்திருக்கிறார், அடுத்த வசனத்தில் யார் தூரத்திலிருந்து வந்தவர்கள் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார். விழுந்துபோனவர்களுக்கு லூக்கா 22:32. பேதுரு மறுதலிக்கும் முன்னாலேயே "உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஆகிவிட்டது.

இரண்டாம் பாகம் ஒரு வாக்கியம்தான், அதற்கு மேல் போகக்கூடாது. "வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, செங்கடலைப் பிளந்தவரே, எரிகோவை இடித்தவரே" என்று பத்து பட்டம் அடுக்கினால் எந்தக் குணத்தை நம்பிக் கேட்கிறோம் என்பது கரைந்துபோகும். அடுக்கினதெல்லாம் வல்லமையாகவே இருப்பதையும் கவனியுங்கள். #2-ல் சொன்ன சிக்கல் இதுதான்.

1548-ல் இங்கிலாந்தில் வந்த நற்கருணை முறைமையில், பந்திக்கு முன் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. மேஜையின் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று சொல்லி, ஆனாலும் எப்போதும் இரங்குவதே உமது இயல்பு என்று திரும்பும். மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று இயேசுவிடம் சொன்ன கானானிய ஸ்திரீயின் பதிலை அப்படியே ஜெபமாக்கியிருக்கிறார்கள். "உமது இயல்பு" என்பதுதான் இந்த இழையின் கேள்விக்கு நேரான வார்த்தை.

#12 மேலறை

இது நல்லாருக்கு அக்கா. ஆனா எழுதி வாசிச்சா ஆவியானவருக்கு இடம் எங்கன்னு எங்க சபையில கேப்பாங்க :)

#13 சிற்றாலயம்

வாசிக்கவே வேண்டாம் தம்பி. அந்த ஐந்து பாகத்தை விரலில் எண்ணிக்கொண்டு வாயாலேயே ஜெபிக்கலாம். அப்போஸ்தலர் 4:24-30-ல் முதல் விசுவாசிகள் ஒருமனப்பட்டுச் செய்தது ஏறக்குறைய இதுதான்: விளித்தார்கள், இரண்டாம் சங்கீதத்தைச் சொன்னார்கள், அப்புறம்தான் கேட்டார்கள். ஜெபித்து முடித்ததும் அந்த இடம் அசைந்தது.

#14 பரணிக்கரை

அருமை. இன்னொரு சந்தேகம். "இயேசுவின் நாமத்தில்" என்று கடைசியில் சொல்வது தாளில் எங்கே வரவேண்டும்? அதைச் சொல்லாவிட்டால் ஜெபம் செல்லாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

#15 ஏடுபார்ப்பவன்

பிசாசு துரத்தப் போன ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேரும் அந்த நாமத்தைச் சரியாகத்தான் உச்சரித்தார்கள் (அப்போஸ்தலர் 19). காயப்பட்டு ஓடினார்கள். வார்த்தை சாவியல்ல.

நாமம் என்றால் ஆள், அவருடைய குணம், அவருடைய அதிகாரம். யாத்திராகமம் 34:5-6-ல் கர்த்தர் தம் நாமத்தைக் கூறும்போது வருவது இரக்கம், கிருபை, நீடிய சாந்தம் என்ற குணப்பட்டியல். நமக்கும் இது புதிதல்ல. "அப்பா பேரைச் சொல்லிக் கடையில் வாங்கிட்டு வா" என்றால், அப்பா வாங்கச் சொன்னதை வாங்கவேண்டும். அவர் பேரில் சிகரெட் வாங்கினால், கடைக்காரர் கொடுத்தாலும் பேரைக் கெடுத்ததாகத்தான் அர்த்தம். சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்களே (லூக்கா 9:54), விசுவாசத்துக்குக் குறைவேயில்லை! குணத்துக்கு விரோதமான விண்ணப்பம், அதட்டு வாங்கினார்கள்.

அதே இருவர் மாற்கு 10:35-ல் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பதுபோல் வருகிறார்கள், "நாங்கள் கேட்டுக்கொள்ளப்போகிறதை நீர் எங்களுக்குச் செய்யவேண்டும்". "நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும்" என்று திருப்பிக் கேட்கிறார். அதிகாரம் முடிவதற்குள் குருடனாகிய பர்திமேயுவிடம் அதே கேள்வி. ஒருவன் பார்வை கேட்கிறான், கிடைக்கிறது. மற்ற இருவரும் சிம்மாசனத்துக்கு வலதும் இடதும் கேட்கிறார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களையும் துரத்தவில்லை, உட்காரவைத்துப் பாடம் சொல்கிறார். தாளில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள், விவாதம் தானாக நடக்கும்.

#16 தாழ்வாரம்

தாளில் கட்டாயம் ஒரு வரி சேர்க்கவேண்டும். விசுவாசத்தைக் காட்டுவதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக்கூடாது. ஒன்றாம் வகை நீரிழிவில் இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தொடர்வலிப்பு வரலாம். இது மத்தேயு 4:5-7-ல் பிசாசு சொன்னதைக் கேட்டுத் தேவாலய உப்பரிகையில் நின்று குதிப்பதற்குச் சமம். நல்லவர் என்று தெரிந்தவரைச் சோதித்துப் பார்க்கவேண்டியதில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தைச் சொன்னாரே தவிர, விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. சுகமானதாகத் தோன்றினாலும் டாக்டர் பார்த்துக் குறைக்கட்டும். குஷ்டரோகியையும் ஆசாரியனிடம் காண்பிக்கத்தான் அனுப்பினார்.

#17 மேலறை

ஆமென். இதுல எந்தக் கட்சியும் கிடையாது. "ஆசாரியனுக்குக் காண்பி"ன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார், பெரிய எழுத்துல போடுங்க.

#18 பரணிக்கரை

தாள் இப்படி வருகிறது. பகுதி இரண்டு தடவை வாசிப்பு. "இவர் இங்கே யாரைப் பார்க்கிறார்?" கேள்வி. பிறகு ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தில் குணம், ஒரு வாக்கியத்தில் தேவை, பெயரோடும் உறுப்போடும் ("சரீர பெலவீனம்" என்று பொதுவாக வேண்டாம், "இடது முழங்கால்" என்றே). கடைசியில் ஒரே ஒருவர் எல்லாருக்குமாகச் சேர்த்து "உம்முடைய சித்தத்தின்படியே". மருந்து பற்றிய வரி கட்டம் கட்டி. பக்கம் 2-ல் மாற்கு 10-ன் இரண்டு கேள்விகள். அடுத்த வாரம் யோவான் 11.

#19 இஞ்ஞாசி_வழி

யோவான் 11-க்கு முன் ஒரு வாரம் லூக்கா 7:11-17 வைக்க முடியுமா? நயீன் ஊர்க் கைம்பெண் எதையும் கேட்கவில்லை. அவர் யார் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்ததாகவும் எழுதப்படவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்கத் தெம்பில்லாமல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருப்பார்கள்.

#20 பரணிக்கரை

வைத்துவிட்டேன். நாயீன் 2-ம் வாரம், பெத்தானியா 3-ம் வாரம்.